அப்பா விட்டுச் சென்ற செக் பிஸ்டல்: இப்போது வராத வெளிநாட்டுக் கைத்துப்பாக்கிகளை வைத்திருந்தவர்கள் பேசலாம்

மாந்தோப்பு, காவேரிப்பட்டணம்

வணக்கம். அப்பா தை மாதம் காலமானார். பால் தெளித்த மறுநாளே அவருடைய கைத்துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்து ரசீது வாங்கிவிட்டேன். உரிமம் அவர் பெயரில் இருந்ததால், வாரிசாகவே இருந்தாலும் நான் அதை வீட்டில் வைத்திருக்கக் கூடாது என்று பக்கத்துத் தோட்டத்து வக்கீல் சொன்னார்.

செக்கோஸ்லோவாகியாவில் செய்த சி.இசட். 70. குண்டு அளவு 7.65 மில்லிமீட்டர், மேகசினில் எட்டுத் தோட்டா. 1981-இல் பெங்களூரில் இருந்த ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரி ஒருவரிடமிருந்து முறைப்படி பெயர் மாற்றி வாங்கினார். அந்த ஆண்டு மாங்காய்க்கு நல்ல விலை. அம்மா இரட்டை வடச் சங்கிலி கேட்டிருந்தார். அப்பா இதைக் கொண்டுவந்து நின்றார். அந்தப் பஞ்சாயத்து எங்கள் வீட்டில் நாற்பது ஆண்டுகளாகத் தீரவில்லை.

அவர் அதைச் சுட்டு நான் பார்த்ததே இல்லை. ஞாயிறு காலையில் திண்ணையில் தினசரியை விரித்து, தோட்டாக்களை வெளியே எடுத்துத் தனியாக ஒரு டவராவில் போட்டுவிட்டு, துண்டு துண்டாகக் கழற்றித் துடைப்பார். தினசரியின் விளிம்பைத் தாண்டிக் குழந்தைகளின் விரல் வரக் கூடாது. ஆயுத பூஜை அன்று மண்வெட்டி, கவாத்துக் கத்தி, மோட்டார் ஸ்டார்ட்டர் வரிசையில் அதுவும் உட்காரும். அதற்கும் சந்தனம், அதற்கும் குங்குமம்.

வாரிசு உரிமம் கேட்பதா, உரிமம் உள்ள யாருக்காவது விற்பதா, அரசிடமே விட்டுவிடுவதா என்று முடிவு எடுக்க வேண்டும். அதற்கு முன் இது போன்ற பழைய இறக்குமதித் துப்பாக்கியோடு வாழ்ந்தவர்கள் சொல்வதைக் கேட்க ஆசை.

பழைய ஆர்மரர், ஊத்தங்கரை

தம்பி, முதலில் என் அனுதாபம். இரண்டாவதாக ஒரு திட்டு. துப்பாக்கிக்குச் சந்தனம் வைக்காதீர்கள். சந்தனம் காயும் வரை ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். ஸ்லைடின், அதாவது மேலே முன்னும் பின்னும் நகரும் பாகத்தின், பின்பக்கம் விரல் பிடிக்கும் வரிப்பள்ளங்களுக்குள் போனால் அங்கேதான் துரு முதலில் கண் திறக்கும். நான் துப்பாக்கி பழுதுபார்க்கும் ஆர்மரராக இருந்த பட்டாளத்திலும் ஆயுத பூஜை உண்டு. சந்தனப் பொட்டைத் துப்பாக்கியின் மரக்கட்டையில் வைத்து மறுநாள் துடைத்துவிடுவோம்.

உங்கள் அப்பா நல்ல பொருளைத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறார். 1950-இல் செக் போலீசுக்காக வந்த சி.இசட். 50-இன் திருத்திய வடிவம் அது. 1970-இல் தொடங்கி 1983 வரை செய்தார்கள். பிறகு சி.இசட். 83 அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. சுடும்போது குழலையும் ஸ்லைடையும் பிணைக்கும் பூட்டு ஏதும் இல்லாத எளிய அமைப்பு. ஸ்லைடின் எடையும் சுருள்வில்லின் பலமும் சேர்ந்துதான் வெடிப்பின் உதையைத் தாங்குகின்றன. அழகுப் போட்டிக்கு அனுப்ப முடியாது, ஆனால் உழைக்கும்.

ஒரு கிளைக்கதை. நம் ஊர்ச் சாலைகளில் ஒரு காலத்தில் ஓடிய ஜாவா மோட்டார் சைக்கிளும் அந்த நாட்டுச் சரக்குதான். மைசூரில் செய்தார்கள், 1973 முதல் எஸ்டி என்று பெயர் மாறியது. ஜாவா நிறுவனத்தைத் தொடங்கிய யானெசெக் அடிப்படையில் ஆயுதம் செய்தவர். மோட்டார் சைக்கிள் தொழிலுக்குள் வந்தபோது வாண்டரர் என்ற ஜெர்மன் வண்டியின் உரிமத்தை வாங்கினார். இரண்டு பெயர்களையும் ஆங்கிலத்தில் எழுதினால் வரும் முதல் ஈரெழுத்துகளை (Ja, Wa) சேர்த்ததுதான் ‘ஜாவா’. வண்டியைக் கழற்றி மாட்டியவர்களுக்குத் துப்பாக்கியின் குணமும் புரியும்: கனம் அதிகம், வேலை முரடு, எளிதில் சாகாது.

பென்னாகரம் வாத்தியார்

எல்லாரும் உருகுவதற்கு முன் ஒருவன் குறுக்கே பேச வேண்டும். அந்த வேலையை நான் எடுத்துக்கொள்கிறேன்.

இந்த 7.65, அதாவது .32 அங்குலத் தோட்டாவின் குண்டு 4.6 கிராம். அரைப் பவுனுக்குச் சற்று மேல். எங்கள் பக்கம் ராகிக் கொல்லைக்கு வரும் யானை முன்னால் அதை நீட்டினால் யானைக்குச் சிரிப்பு வரும். பன்றிக்குக்கூட உதவாது. காவலுக்கு என்று வாங்கி, காவல் காக்கப்பட்ட பொருள் அதுதான். பீரோவுக்குள் ஒரு பெட்டி, பெட்டிக்குள் ஒரு பூட்டு, சாவி இடுப்பில்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். காட்டோர ஊரில் பாட்டன் வைத்திருந்த நாட்டுத் துப்பாக்கியை உரிமம் இல்லாமல் பரணில் வைத்திருப்பவனைத் தேடி வனத்துறையும் போலீசும் ஊர் ஊராக வருகிறார்கள். ‘தானாக ஒப்படைத்தால் வழக்கு இல்லை’ என்று தண்டோரா போடுகிறார்கள். சரியான காரியம்தான். ஆனால் அவனுடைய நினைவுகளை யாரும் இப்படி உட்கார்ந்து எழுதுவதில்லை. பெல்ஜியமும் ஜெர்மனியும் பொறித்திருந்தால்தான் துப்பாக்கிக்கு ஞாபகம் உண்டாகும் போலிருக்கிறது.

எல்லைக்காரன், ஓசூர்

வாத்தியார் ஐயாவின் சூடு நியாயமானது. இருந்தாலும் என் மாமா கதையைச் சொல்லாமல் விட மாட்டேன்.

மாமாவிடம் இருந்தது வால்தர் பிபி. 1929-இல் வந்த வடிவம். 1931-இல் வந்த குட்டி பிபிகே-யின் அண்ணன். உளவாளிப் படங்களால் தம்பிக்குத்தான் பெயர், அண்ணனுக்குத்தான் கை பிடிக்க வசதி. குண்டு ஏறியிருந்தால் சுத்தியலுக்கு மேலே ஒரு சின்ன ஊசி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். இருட்டிலும் விரலால் தடவிப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். மாமா அதை எங்களுக்கு நூறு தடவை விளக்கியிருப்பார், ஒரு தடவையும் தொட விடவில்லை.

அவருடைய உரிமம் தமிழ்நாட்டுக்கு மட்டும். ஓசூரில் வாழ்பவனுக்கு அது என்ன தண்டனை என்று வெளியூர்க்காரர்களுக்குப் புரியாது. பால் வாங்க, பல் பிடுங்க, பெண் பார்க்க, எல்லாவற்றுக்கும் பெங்களூர். ஒரு முறை என் சித்தி மகள் கல்யாணம். விடியற்காலை வேன் ஜுஜுவாடியை நெருங்கும்போது மாமா இடுப்பைத் தொட்டுப் பார்த்து ‘நிறுத்து’ என்று கத்தினார். பீரோவில் வைக்க மறந்து இடுப்பிலேயே வந்திருக்கிறார். அத்திப்பள்ளியைத் தாண்டினால் அது வேறு மாநிலம், உரிமம் செல்லாது. அத்தனை பேரும் பட்டுப்புடவையோடு சாலையோர டீக்கடையில் உட்கார, மாமா ஆட்டோ பிடித்து வீட்டுக்குப் போய் அதைப் பூட்டிவிட்டு வந்தார். முகூர்த்தம் போயிற்று. தாலி கட்டியதை நாங்கள் வீடியோவில்தான் பார்த்தோம். கல்யாணப் பெண் இன்றும் அந்தத் துப்பாக்கியைச் ‘மாமாவின் முதல் மனைவி’ என்கிறாள்.

ஒரு சந்தேகம். அதன் பக்கவாட்டில் ‘மன்யூரின்’ என்று பொறித்திருந்தது. மாமா சாகும் வரை அது அசல் ஜெர்மன் என்றே சாதித்தார். ஆர்மரர் ஐயா, அது என்ன?

பழைய ஆர்மரர், ஊத்தங்கரை

மாமாவின் ஆத்மா மன்னிக்கட்டும், அது பிரெஞ்சுக்காரன் செய்தது. போரில் வால்தரின் பழைய தொழிற்சாலை கையைவிட்டுப் போனது. தோற்ற ஜெர்மனி ஆயுதம் செய்யத் தடை இருந்தது. அதனால் பிரான்சின் முலூஸ் நகரப் பக்கத்து மன்யூரின் நிறுவனத்துக்கு உரிமம் கொடுத்தார்கள், 1952-இல் அங்கே உற்பத்தி தொடங்கியது. பிற்பாடு ஜெர்மனியின் உல்ம் நகரப் பெயர் பொறித்து வந்தவற்றிலும் பிரான்சில் செய்த பாகங்கள் உண்டு. வேலைப்பாட்டில் குறை சொல்ல முடியாது. ஆனால் ‘ஜெர்மன்’ என்று சொன்னால் கேட்பவன் புருவம் உயர்வதுபோல் ‘பிரெஞ்சு’ என்றால் உயராது. பல பேர் வாங்கியது அந்தப் புருவத்தைத்தான்.

வெள்ளிக்குழல்

சி.இசட். என்ன விலை எதிர்பார்க்கிறீர்கள்? உடனே எடுத்துக்கொள்ள ஆள் இருக்கிறது. எண்ணுடன் படம் அனுப்பவும்.

நெறியாளர்

இங்கே வாங்கல் விற்றல் பேச்சு கூடாது. துப்பாக்கியின் எண், உரிம எண், வீட்டு அடையாளம் எதையும் பதிவிட வேண்டாம். அடுத்த முறை கணக்கு முடக்கப்படும்.

மலைச்சாரல், தேன்கனிக்கோட்டை

இந்த இழையில் பெண்கள் யாரும் பேசவில்லை. துப்பாக்கியை வாங்குவது ஆண்கள், அதோடு குடித்தனம் நடத்துவது நாங்கள்.

தாத்தாவிடம் வெப்லி அண்டு ஸ்காட் .32 இருந்தது. பர்மிங்காமில் செய்தது, 1908-ஆம் ஆண்டு வடிவம். லண்டன் போலீஸ் 1911-இல் எடுத்துக்கொண்ட அதே வகை. கோணல் மாணலாக, தச்சன் மூலைமட்டத்தைக் கையில் பிடித்ததுபோல் இருக்கும். ஊரைக் காலி செய்து இங்கிலாந்து திரும்பிய ஒரு வெள்ளைக்காரரிடம் தாத்தாவின் அப்பா வாங்கியதாம். 

எனக்கு அந்தத் துப்பாக்கி என்றால் தேர்தல்தான். தேர்தல் அறிவித்தால் உரிமம் உள்ளவர்களை ஆயுதத்தை ஒப்படைக்கச் சொல்வார்கள். நாடாளுமன்றம், சட்டமன்றம், உள்ளாட்சி, நடுவில் இடைத்தேர்தல். பாட்டி அதை ஒரு பழைய பனியன் துணியில் சுற்றி மஞ்சள் பையில் போட்டுக் கொடுப்பார். தாத்தா வெள்ளை வேட்டி கட்டி, என்னை மிதிவண்டியின் முன்கம்பியில் உட்கார வைத்து ஸ்டேஷனுக்குப் போவார். திரும்பும்போது பையில் பொரி இருக்கும். ஓட்டு எண்ணி முடிந்த பிறகு மறுபடியும் போவோம், மறுபடியும் பொரி. எந்தக் கட்சி வென்றது என்பதெல்லாம் எனக்குத் தெரியாது, பொரி எத்தனை முறை வந்தது என்பது தெரியும்.

தாத்தா போன பிறகு மூன்று மாமன்களும் நிலத்தைப் பாகம் பிரித்தார்கள். கிணற்றைக்கூட முறை வைத்துப் பிரித்தார்கள். துப்பாக்கியில் மட்டும் ஒத்துவரவில்லை. ஒருவர் பெயருக்கு உரிமம் கேட்டு மற்ற வாரிசுகள் ஆட்சேபம் இல்லை என்று எழுதிக் கொடுத்தால் முடிந்திருக்கும். இருவர் எழுத மறுத்தார்கள். ஸ்டேஷனிலேயே கிடந்து, காலக்கெடு கடந்து, கடைசியில் அரசுக்குப் போய்விட்டது. மாந்தோப்பு அண்ணா, நீங்கள் எந்த முடிவை எடுத்தாலும் சீக்கிரம் எடுங்கள்.

இரண்டில் ஒன்று, பாலக்கோடு

என் வருத்தம் வேறு வகை. 1983 முதல் ஒருவர் மூன்று துப்பாக்கி வரை வைத்திருக்கலாம் என்றிருந்தது. 2019 திருத்தச் சட்டம் அதை இரண்டாகக் குறைத்தது. என்னிடம் மூன்று: தாத்தாவின் ஒற்றைக்குழல், அப்பாவின் இரட்டைக்குழல், நான் ஆசைப்பட்டு வாங்கிய பழைய பெல்ஜியம் பிரவுனிங் 1910.

கூடுதலாக இருப்பதை ஒப்படைக்க ஓராண்டு கொடுத்தார்கள். நான் இரட்டைக்குழலைக் கொடுத்துவிட்டேன். பிரவுனிங் பெயர், 1983-இல் உற்பத்தி நின்ற மாடல், இனி எங்கே கிடைக்கப்போகிறது என்று மனக்கணக்கு. இப்போது கொல்லையில் பன்றிச் சத்தம் கேட்கும்போது கை தேடுவது அந்த இரட்டைக்குழலின் கட்டையைத்தான். அப்பாவின் தோள் பட்டுப் பட்டு ஒரு பக்கம் வழுவழுப்பாக இருந்தது. பிரவுனிங் பீரோவில் இருக்கிறது. எடுத்துப் பார்ப்பதுகூடக் குறைந்துவிட்டது.

பென்னாகரம் வாத்தியார்

பாலக்கோட்டாரே, உங்கள் பதிவுக்கு என்னிடம் மறுப்பு இல்லை.

வெள்ளிக்குழல்

நெறியாளர் மன்னிக்கவும். விலை கேட்கவில்லை, பொதுவாகவே கேட்கிறேன். பெட்டி பிரிக்காத இத்தாலி பிஸ்டல் குறைந்த விலைக்குக் கிடைக்கிறது, உரிமம் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒருவர் சொல்கிறார். நம்பலாமா?

பழைய ஆர்மரர், ஊத்தங்கரை

நம்பினால் சிறை. நேராகவே சொல்கிறேன்.

சாதாரணக் குடிமகன் வெளிநாட்டுத் துப்பாக்கியைக் கொண்டுவரும் வழி 1980-களின் நடுவிலேயே அடைபட்டுவிட்டது. துப்பாக்கி சுடும் வீரர்களுக்கான விலக்கு தனிக் கதை. ஆக, சட்டப்படி கைமாறும் இறக்குமதிப் பிஸ்டல்கள் பெரும்பாலும் நாற்பது வயதைத் தொட்டவை. கோல்ட் 1903 வகையை எடுத்துக்கொள்ளுங்கள். .32-இல் சுமார் 5.7 லட்சம் செய்தார்கள், 1945-இல் நிறுத்திவிட்டார்கள். அதில் ஒன்று உங்கள் முன் பளபளவென்று நிற்கிறது என்றால் யாரோ பழைய முலாமைச் சுரண்டிப் புது முலாம் போட்டிருக்கிறார்கள் என்று பொருள். கள்ளப் பட்டறையில் செய்தவற்றில் ‘இத்தாலி’ என்ற சொல்லே பிழையோடு பொறித்திருப்பதை என் கண்ணால் கண்டிருக்கிறேன். நாடு மாறலாம், எழுத்துப்பிழை மாறுவதில்லை.

அசலில் சோதனை முத்திரை இருக்கும். பெல்ஜியத்தில் லியேழ் நகரத்து முத்திரை நீள்வட்டத்துக்குள் மூன்று எழுத்து. ஜெர்மனியில் கழுகும் அதன் கீழ் ஓர் எழுத்தும். அளவுக்கு மீறிய மருந்து போட்டு வெடித்துப் பார்த்து, குழல் தாங்கியது என்று குத்தும் முத்திரை அது. பட்டறைக்காரன் முத்திரையைக் குத்துவான், வெடித்துப் பார்க்க மாட்டான். அது வெடிப்பது உங்கள் கையில்.

மலிவு வேண்டும் என்றால் உள்நாட்டுச் சரக்கு இருக்கிறது என்பார்கள். அதுவும் மலிவில்லை. 2014-இல் கான்பூர் அரசுத் தொழிற்சாலை பெண்களுக்கென்று வெளியிட்ட 500 கிராம் ரிவால்வரே 1.22 லட்சம்.

எல்லைக்காரன், ஓசூர்

எடை என்றதும் நினைவு வந்தது. எங்கள் தெருவில் ஒரு டாக்டர் பேபி பிரவுனிங் வைத்திருந்தார். 275 கிராம், உள்ளங்கைக்குள் மறைந்துவிடும், ஆறு தோட்டா. ஆனால் அது .25. தோட்டா தேடிச் சேலம், பெங்களூர் எல்லாம் அலைந்தார், கிடைக்கவில்லை. மருந்துச் சீட்டுகள் பறக்காமல் மேல் வைக்கலாம் என்று அவரே சிரிப்பார்.

மாந்தோப்பு, காவேரிப்பட்டணம்

பத்து நாளாக எழுத முடியவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

முதலில் ஓர் அலுவலகத்தில் மாட்டிக்கொண்டேன். உரிமப் புத்தகத்தில் ‘.32 பிஸ்டல்’ என்று இருக்கிறது, துப்பாக்கியில் ‘7.65’ என்று பொறித்திருக்கிறது, ஆகவே இரண்டும் வேறு வேறு துப்பாக்கி என்று ஒருவர் கோப்பைத் திருப்பிக் கொடுத்தார். ஒன்று அங்குலக் கணக்கு, மற்றது மில்லிமீட்டர் கணக்கு, தோட்டா ஒன்றுதான் என்று சொன்னேன். எழுத்தில் கொடுங்கள் என்றார். யார் எழுத்தில் கொடுப்பது? கடைசியில் அங்கேயே வேறொரு பிரிவில் இருந்த முன்னாள் ராணுவத்துக்காரர் ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட, மூன்று நாள் பிரச்சினை மூன்று நிமிடத்தில் தீர்ந்தது.

2016 ஆயுத விதிகளின்படி, உரிமதாரருக்கு 70 வயது ஆனாலோ துப்பாக்கியை 25 ஆண்டு வைத்திருந்தாலோ, அவர் உயிரோடு இருக்கும்போதே வாரிசுக்கு மாற்றியிருக்கலாம் என்பதும் அங்கேதான் தெரிந்தது. அப்பாவுக்கு இரண்டு தகுதியும் இருந்தது. கேட்டிருந்தால் கொடுத்திருப்பாரா? மாட்டார்.

பிறகு ஸ்டேஷன். பொருளை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்றார்கள். அம்மாவும் வருகிறேன் என்றார். நான் எதிர்பார்க்கவில்லை. ஏட்டு ஐயா பெட்டியைத் திறந்து, துணிப் பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்தார். கழுத்தில் நூல் கட்டி அட்டை தொங்கியது. ஆர்மரர் ஐயா சொன்னதைப் படித்திருந்ததால் வரிப்பள்ளத்தைத்தான் முதலில் பார்த்தேன். வெள்ளையாக ஒரு கோடு, போன ஆயுத பூஜைச் சந்தனம். அதை ஒட்டிக் கடுகளவு துரு.

அம்மா அதைத் தொடவில்லை. ‘இவ்வளவு சின்னதாகவா இருந்தது?’ என்று மட்டும் கேட்டார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் சொன்னேன்: ‘விற்றுவிடலாம் அம்மா. உரிமம் உள்ளவருக்கு எழுதிக் கொடுத்தால் 45 நாள் முன்னறிவிப்புக் காலம், அவ்வளவுதான். வருகிற பணத்தில் அந்தச் சங்கிலியை வாங்கிவிடலாம்.’ உங்களிடம் மறைக்காமல் சொல்கிறேன், இந்த வாக்கியத்தை நான் ஒரு வாரமாக மனத்துக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். அம்மா அழுவார் என்று நினைத்தேன்.

அவருக்குக் கோபம்தான் வந்தது. ‘சங்கிலி வந்துவிட்டால் உன் அப்பாவை நான் எதைச் சொல்லித் திட்டுவது?’ என்றார். அதன் பிறகு வீடு வரும் வரை பேசவில்லை. காவேரிப்பட்டணத்தில் இறங்கியதும் பூ வாங்கினார், படத்துக்குப் போட.

ஆக, வாரிசு உரிமத்துக்கே விண்ணப்பிக்கிறேன். தங்கை ஆட்சேபம் இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டாள். படிவத்தில் ‘துப்பாக்கி எதற்காகத் தேவை’ என்று ஒரு கட்டம் இருக்கிறது. தற்காப்பு என்று எழுத மனம் வரவில்லை, எங்களுக்கு எதிரி யாரும் இல்லை. பயிர்ப் பாதுகாப்பு என்று எழுதினால் வாத்தியார் ஐயா விட மாட்டார். என்ன எழுதுவது?

பென்னாகரம் வாத்தியார்

பயிர்ப் பாதுகாப்பு என்று எழுதினால் நானே ஆட்சேப மனு போடுவேன்.

பழைய ஆர்மரர், ஊத்தங்கரை

‘குடும்பப் பொருள், தந்தை வழி வந்தது’ என்று எழுதுங்கள். உண்மை அதுதான், அதற்கு மேல் விளக்கம் வேண்டாம். சங்கிலிக் கதையைக் கட்டத்தில் எழுதிவிடாதீர்கள், இடம் போதாது.

உரிமம் கைக்கு வந்ததும் முதல் வேலை, உரிமம் பெற்ற கடையில் கொடுத்து அந்தக் கடுகளவைப் பார்க்கச் சொல்லுங்கள். சுருள்வில்லையும் மாற்ற வேண்டியிருக்கும், நாற்பது ஆண்டு ஒரே வில் என்றால் தளர்ந்திருக்கும். நீங்களாக உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள்.

மலைச்சாரல், தேன்கனிக்கோட்டை

அண்ணா, அடுத்த தேர்தலுக்கு ஒப்படைக்கப் போகும்போது வீட்டுக் குழந்தைகளில் ஒன்றையாவது கூட்டிப் போங்கள். வரும்போது பொரி வாங்கிக் கொடுங்கள்.

மாந்தோப்பு, காவேரிப்பட்டணம்

சரி தங்கச்சி. பையன் இப்போதே கேட்கிறான், தேர்தல் எப்போது என்று.